கோபமும் ஆத்தும சோதனையும்

நாளொன்றுக்குப் பலமுறை நாம் சொல்லும் செபம் ஒன்று உண்டு. காலை எழும்போது சொல்கின்றோம். செபமாலையில் ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னர் சொல்கின்றோம். திருப்பலியில் நற்கருணைக்கு முன் எழுந்து நின்று எல்லோருமாகச் சேர்ந்து சொல்கின்றோம். கர்த்தர் கற்பித்த அந்தச் செபத்தின் மற்றைய மன்றாட்டுக்களில் நாம் கேட்கின்றோம், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கேட்பதோடு நில்லாமல், எந்த அளவால் நமக்கு அளக்கப்படவேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிடுகின்றோம். பிறருக்கு நாம் எப்படியோ நமக்கு இறைவன் அப்படி என்று உடன்படிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு எழும்புகின்றோம். பேசாமலிருக்கும் அண்ணன் தம்பிமார் ஒரே கோவிலில், ஒருவர் வலப்பக்க வாங்கிலும் மற்றவர் இடப்பக்க வாங்கிலும் இருந்துகொண்டு, ஒரே குரலில் இந்த உடன்படிக்கையை வாசிக்கின்றார்கள். கற்பிட்டி முதல் வென்னப்புவ வரையுள்ள நம் கரையோரக் கோவில்களில் இப்படி எத்தனை சோடி வாங்குகள் இருக்கின்றன என்பதை அந்தந்தப் பங்குத்தந்தையர் அறிவர்.

கோபம் வேறு, வன்மம் வேறு என்பதை முதலிற் சொல்லிவைக்க வேண்டும். கோபம் வருவது, வன்மம் வைத்திருப்பது. அக்குவினாஸ் நகர்ப் புனித தோமஸ் அரிஸ்டோட்டிலைப் பின்பற்றிக் கோபக்காரரை மூவகையாகப் பிரிக்கின்றார். சட்டென்று மூண்டெழுவோர் ஒரு வகை. பட்ட காயத்தை நினைவில் வைத்து நெடுநாள் கசந்திருப்போர் மற்றொரு வகை. பழிக்குப்பழி கொடுத்தாலன்றித் தணியாதோர் மூன்றாம் வகை. முதல் வகையினர் பெரும்பாலும் மாலைக்குள் தணிந்துவிடுவர். வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களாற் தொல்லைதான். என்றாலும் அவர்கள் கோபம் வெளியே நிற்பதால் எல்லோருக்கும் தெரிகின்றது, அவர்களுக்குமே தெரிகின்றது. இரண்டாம் வகையினர் சாந்தமாகப் பேசுவர், ஒழுங்காகக் கோவிலுக்கு வருவர், நல்ல மனுஷர் என்று பெயரெடுப்பர். தாம் கோபக்காரர் என்பது அவர்களுக்கே தெரியாது. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது. நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்.

புத்தளத்தில் உப்பு எப்படி விளைகின்றது என்பதைப் பாலாவிப் பக்கம் போய்வருவோர் எல்லோரும் கண்டிருப்பர். களப்பு நீரைப் பாத்திக்குள் விட்டு வாயை அடைத்துவிடுகின்றார்கள். பின்பு வெய்யிலுக்கு விடுகின்றார்கள். நீர் வற்ற வற்ற உவர் தடிக்கின்றது; ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி மாற்றிக் கடைசியில் வெள்ளை வெளேரென்று உறைந்துபோகின்றது. உள்ளே வரும்போது அது சாதாரண நீர்தான். கையில் அள்ளினாற் கசிந்து ஓடிவிடும். பிறர் நமக்குச் செய்த தீங்கும் வரும்போது நீராகத்தான் வருகின்றது. வாயை அடைத்து, நாளுக்கு நாள் நினைவென்னும் வெய்யிலிற் காய்ச்சி, அதை உப்பாக்குவது நாம். நீர் அவருடையது, உப்பு நம்முடையது. வன்மத்தைப் பற்றிய ஆத்தும சோதனை இந்தப் பங்கு பிரிப்பில்தான் தொடங்குகின்றது என்று எனக்குத் தோன்றுகின்றது.

இதை நான் புத்தகத்திற் படித்து அறியவில்லை. எங்கள் ஐயா இறந்தபின், அவர் தொழில் செய்த படகையும் பதினைந்து குதிரைவலு எஞ்சினையும் எனது அண்ணன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டார். நான் அப்போது வேறூரில் உத்தியோகத்தில் இருந்தேன். விற்ற செய்தியை மூன்றாம் ஆள் ஒருவர் பஸ்ஸில் வைத்துச் சொல்லித்தான் அறிந்தேன். அன்றிலிருந்து ஒன்பது வருஷம் நானும் அண்ணனும் பேசவில்லை. சண்டை போடவும் இல்லை. அதுதான் விசேஷம், சண்டை போட்டிருந்தால் ஒருவேளை அந்த வருஷமே முடிந்திருக்கும்.

ஒவ்வொரு தபசு காலத்திலும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவேன். ஒருமுறை, ஊருக்குப் புதிதாய் வந்த குருவானவர் ஒருவரிடம் வழக்கம்போலச் சொன்னேன்.

"சுவாமி, அண்ணன்மீது கோபமாயிருந்தேன்."

"எவ்வளவு காலமாக?"

"ஒன்பது வருஷம், சுவாமி."

"ஒன்பது வருஷமும் இதைச் சொல்லிவந்தீரா?"

"சொல்லிவந்தேன், சுவாமி. ஐயாவின் படகை எனக்குச் சொல்லாமல் விற்றுவிட்டார். அதுதான்..."

"அப்படியானால் ஒன்பது வருஷமாக நீர் உம்முடைய பாவத்தைச் சொல்லவில்லை. அவருடைய பாவத்தைத்தான் சொல்லிவந்திருக்கிறீர்."

எனக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அவர் எனக்குக் கொடுத்த அபராதமும் புதுமையானது. ஒரு தாளை எடுத்து, அண்ணன் எனக்குச் செய்ததெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எனக்கு எப்படித் தெரியும் என்பதை எழுதவேண்டும். எழுதி முடித்தபின் தாம் பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டார்.

எழுதினேன். படகை விற்றது. எனக்குப் பங்கு தராதது. என் மகளின் புதுநன்மைக்கு வராதது. கோவிலடிக் கடையில் நான் போகும்போது மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தது. இன்னும் சில, இங்கே எழுதத் தேவையற்றவை. பிறகு எதிர்ப்பக்கத்தை எழுதத் தொடங்கினேன். படகை விற்றது உண்மை. வாங்கியவரையே எனக்குத் தெரியும். பங்கு தராதது உண்மை, ஆனால் ஐயாவின் கடைசி இரண்டு வருஷ வருத்தத்துக்கு யார் செலவழித்தது, கடன் எவ்வளவு நின்றது என்பது எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. புதுநன்மைக்கு வராதது உண்மை. ஆனால் நான் நேரே போய் அழைக்கவில்லை, மச்சான் ஒருவர் மூலம் சொல்லியனுப்பினேன், அவர் சொன்னாரோ இல்லையோ. சிரித்தது... இங்கே பேனை நின்றுவிட்டது. கடையில் நாலு பேர் நின்று சிரித்தார்கள். என்னத்தைப் பார்த்துச் சிரித்தார்கள்? நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் ஒன்பது வருஷமாக என்னை அதிகம் எரித்தது படகல்ல, எஞ்சினல்ல, அந்தச் சிரிப்பு. அதற்கு என்னிடம் சாட்சியே இல்லை.

ஒரு நீதவான் முன்னிலையில் வைத்தால் என் குற்றப்பத்திரிகையிற் பாதிக்கு மேல் தள்ளுபடியாகியிருக்கும். ஆனால் முதல் வரி தள்ளுபடியாகாது. சொல்லாமல் விற்றது பிழைதான். இதை ஏன் அழுத்திச் சொல்கின்றேன் என்றால், ஆத்தும சோதனை செய்தால் பிறர் செய்த பிழையெல்லாம் மாயமாய் மறைந்துவிடும் என்று சிலர் போதிக்கின்றார்கள். அப்படியன்று. சோதனை செய்தால் பிழை தன் சொந்த அளவுக்கு வருகின்றது. சிலவேளை அது சிறியதாகும். சிலவேளை நாம் இதுவரை நினைத்ததைவிடப் பெரியதென்றும் தெரியவரலாம்.

திருமறை நூலிற் கோபக்காரரோடு இறைவன் எப்படிப் பேசுகின்றார் என்று பாருங்கள். காயீன் முகம் வாடிக் கோபங்கொண்டு நின்றபோது, இறைவன் முதலில் அவனுக்குக் கட்டளையிடவில்லை. ஏன் கோபம் என்று கேட்டார். யோனாவின் கதை இன்னும் விநோதமானது. நினிவே நகரத்தார் மனந்திரும்பிவிட்டார்கள், இறைவனும் தண்டிக்கவில்லை. தீர்க்கதரிசி மகிழ்ந்திருக்க வேண்டும். அவரோ மனம் வெந்து, நகருக்கு வெளியே போய்க் குந்திக்கொண்டு சாவைக் கேட்கின்றார். அந்தக் கோபம் நியாயந்தானா என்று இறைவன் ஒருமுறை கேட்கின்றார், யோனா வாய்திறக்கவில்லை. நிழல் தந்த செடி வாடியபின் மறுமுறை கேட்கின்றார். நியாயந்தான், சாகும்வரை நியாயந்தான் என்று யோனா முறைக்கின்றார். அந்த நூல் ஒரு கேள்வியோடுதான் முடிகின்றது. யோனா என்ன மறுமொழி சொன்னார் என்று எழுதப்படவேயில்லை. கோபத்தை அடக்கு என்று சொல்வது எளிது. ஊரிலே எல்லோரும் சொல்வார்கள், பொலிஸ்காரரும் சொல்வார். இறைவன் அதைச் சொல்லாமல் விசாரிக்கச் சொல்கின்றார்.

மறை அறியாதோரும் இந்த வழியைக் கண்டிருக்கின்றார்கள். ஆண்டவர் பிறந்த காலத்தையொட்டி வாழ்ந்த உரோமை ஞானியான செனெக்கா, கோபத்தைப் பற்றி மூன்று பாகங்களில் எழுதிய நூலில், தாம் ஒவ்வோர் இரவும் விளக்கணைந்து மனைவியும் பேச்சை நிறுத்தியபின் அன்றைய சொல்லையும் செயலையும் தாமே முன்வைத்துப் பார்ப்பதாகச் சொல்கின்றார். தமிழருக்கு வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரத்தையும் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரத்தையும் தனித்தனியே தந்திருக்கின்றார்; ஒன்று நெருப்பை மூட்டாமலிருப்பது, மற்றது பிறர் மூட்டிய நெருப்பைத் தாங்குவது என்று கொள்ளலாம். புனித இஞ்ஞாசியார் தம் சபையாருக்கு இந்தச் சோதனையை அன்றாடக் கடமையாகவே வைத்தார். அவருடைய முறையில் முதற்படி பாவத்தைத் தேடுவதன்று. பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வது. வன்மம் கொண்டவனுக்கு இந்தப் படிதான் மிகக் கடினம். எனக்கு அண்ணன் நீந்தக் கற்றுத் தந்தவர். ஒன்பது வருஷத்தில் ஒருநாளாவது அது நினைவுக்கு வந்ததில்லை.

ஒரு வீட்டுக்குள் நடக்கும் இந்தக் கதை ஊர் அளவுக்குப் பெருகினால் என்னவாகும் என்பதை நம்முடைய கரை கண்டிருக்கின்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் கோவிலிலும், கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் கோவிலிலும், மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கட்டுவாப்பிட்டியில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். நம் கரையில் அந்தப் பங்கோடு உறவில்லாத குடும்பம் அரிது. அந்த நாட்களில் நம் உள்ளத்தில் எழுந்த கோபத்தைப் பாவமென்று நான் சொல்லமாட்டேன். குழந்தைகளின் பெட்டிகள் வரிசையாய்ப் போகும்போது கோபம் வராதவன் கல். புனித தோமஸும், நியாயமான காரணத்துக்காக, நியாயமான அளவில் எழும் கோபம் குற்றமன்று என்கின்றார். கோபம் வரவேண்டிய இடத்தில் வராதிருப்பதையும் அவர் ஒரு குறையாகவே எண்ணுகின்றார்.

ஆனால் மூன்று கிழமை கழிந்து மே 12ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை சிலாபத்தில் நடந்தது வேறு. முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: இன்று அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற கருத்தில். யாருடனோ நடந்த வாதத்தில் எழுதியது. அது மறுபடியும் தாக்கப்போவதாக விடுத்த பயமுறுத்தல் என்று வாசிக்கப்பட்டது. கூட்டம் கூடியது. அவர் கடை தாக்கப்பட்டது. பள்ளிவாசல்களுக்கும் வேறு முஸ்லிம் கடைகளுக்கும் கல்லெறியப்பட்டது. எழுதியவர் கைது செய்யப்பட்டார். ஊரடங்குச் சட்டம் வந்தது. மறுநாள் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொல, மினுவாங்கொட என்று கலவரம் பரவியது. நாத்தாண்டிக்கு அண்மையிலுள்ள கொட்டாரமுல்லையில், தச்சுத் தொழிலாளியும் குடும்பஸ்தருமான முஸ்லிம் ஒருவரை அவருடைய இடத்திலேயே கூட்டம் வெட்டிக் கொன்றது. புத்தளம், குருநாகல் மாவட்டங்கள் இரண்டும் 1939இல் அமைக்கப்பட்ட நம் சிலாப மறைமாவட்டத்தின் எல்லைக்குள் இருப்பவை. அவற்றில் வெவ்வேறிடங்களில் கல்லெறிந்தவர் யார் யார், எந்தச் சமயத்தார், எங்கிருந்து வந்தவர் என்று தீர்ப்பிடுவது என் வேலையன்று. வீட்டுக்குள்ளிருந்துகொண்டு, கிடக்கட்டும், அவர்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும் என்று உள்ளூர நினைத்தவர்களைப் பற்றித்தான் பேசுகின்றேன். கல்லெறிந்தவரை நீதிமன்றம் விசாரிக்கும். இவர்களை இவர்களே விசாரித்தாற்றான் உண்டு.

அந்த ஒரு வரியிலும் ஒரு சிரிப்பு இருக்கின்றதைக் கவனியுங்கள். கோவிலடிக் கடையில் நாலு பேர் சிரித்ததை நான் எப்படி வாசித்தேனோ, அப்படியே ஓர் ஊர் அந்த வரியை வாசித்தது. காயம் இருந்தது; அது உண்மையான, ஆழமான காயம். காயம்பட்டவன் கண்ணுக்கு எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாய்த் தெரிகின்றது. வன்மத்துக்கு இன்னுமொரு குணம் உண்டு: குற்றவாளி கைக்கு எட்டாவிட்டால் எட்டுகின்ற ஆளைப் பிடித்துக்கொள்ளும். குண்டு வைத்தவர்கள் குண்டோடு போய்விட்டார்கள். எட்டியது, அதே பெயர்களை வைத்திருக்கும் அயலவன். கொட்டாரமுல்லையில் மாண்ட மனிதர் கட்டுவாப்பிட்டிக்கு என்ன செய்தார்? ஒன்றுமில்லை. இந்தக் கேள்வியை அந்தக் கூட்டத்தில் ஒருவன், ஒரே ஒருவன், தன் மனதுக்குள்ளாவது கேட்டிருப்பானானால்!

அதற்கு ஒரு கிழமைக்கு முன் நீர்கொழும்பை அடுத்த போருதொட்டையிலும் கைகலப்பு நடந்தபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை தொலைக்காட்சி வழியாகக் கத்தோலிக்கருக்கு வேண்டுகோள் விடுத்தார். முஸ்லிம் ஒருவர்மீதாவது கை வைக்கவேண்டாம் என்று கேட்டதோடு, மதுபானக் கடைகளை மூடும்படி அரசாங்கத்தையும் கேட்டார். இந்த இரண்டாவது வேண்டுகோளைப் படித்துச் சிலர் சிரித்திருக்கலாம். கரையோர மனிதருக்குச் சிரிப்பு வராது. ஆத்தும சோதனை செய்ய வேண்டிய மணித்தியாலத்தில் நம் ஆண்கள் எங்கே இருக்கின்றார்கள் என்பதை ஆண்டகை நன்கு அறிந்திருந்தார்.

மறு ஆண்டு, 2020இல், உயிர்த்த ஞாயிறு மறையுரையில், நம்மைத் தாக்கிய அந்த வழிதவறிய இளைஞரை நாம் வெறுக்கவில்லை, மன்னித்தோம் என்ற கருத்தை அவர் கூறினார். ஆனால் அத்தோடு கோவையை மூடிவிடவில்லை. முன்னறிவித்தல் கிடைத்தும் தடுக்காதவர் யார், பின்னால் நின்றவர் யார் என்று விடாமல் கேட்டுவந்தார். 2023ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காக, முன்னாள் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாவும், முன்னாள் பொலிஸ்மா அதிபர் உட்பட மற்றும் நான்கு அதிகாரிகள் வேறு தொகைகளும் நட்டஈடாகச் செலுத்தவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. முழுத்தொகை 31 கோடி ரூபா.

இங்கே ஒரு வாசகர் கேட்கலாம்: மன்னித்துவிட்டோம் என்றால் வழக்கு எதற்கு? வழக்கு நடத்தினால் மன்னிப்பு எங்கே? இந்தக் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன். கடற்கரையிற் கேட்டிருக்கின்றேன், கோவில் முற்றத்திலும் கேட்டிருக்கின்றேன். கேட்பவர்கள் மன்னிப்பையும் மறதியையும் ஒன்றாகக் குழப்புகின்றார்கள். கோபத்துக்குள் இரண்டு ஆசைகள் பின்னிக்கிடக்கின்றன. ஒன்று, தவறு நேராக்கப்பட வேண்டுமென்ற ஆசை. மற்றது, தவறியவன் துடிக்கவேண்டுமென்ற ஆசை. முதலாவது நீதியைச் சேர்ந்தது. அதை விடச்சொல்லித் திருச்சபை யாரையும் கேட்கவில்லை. இரண்டாவதுதான் வன்மம். இரண்டும் ஒரே குரலிற் பேசுவதால் எது எதென்று நமக்கே தெரிவதில்லை. தெரிந்துகொள்ள நான் கையாளும் கேள்வி ஒன்றுண்டு. நாளைக்கே உண்மை முழுவதும் வெளிப்பட்டு, அவரும் மனம்வருந்தி, இழந்ததும் திரும்பக் கிடைத்துவிட்டால், அவருக்கு ஒரு துன்பமும் நேராவிட்டாலும் எனக்குப் போதுமா? போதும் என்று மனம் சொன்னால் அது நீதிக்கான பசி. போதாது என்றால், எங்கோ உப்புப் பாத்தி இருக்கின்றது.

என் விஷயத்தில், உண்மையைச் சொன்னால், நீண்டகாலம் போதாது என்றுதான் வந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கட்டுவாப்பிட்டியிற் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், மன்னித்துவிடு அம்மா என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. மன்னிப்பு இழந்தவரின் கையிலுள்ள சொத்து. மூன்றாம் ஆள் அதை எடுத்துத் தானம் செய்ய முடியாது. அதுபோல, குடிகாரக் கணவனிடம் அடிவாங்கி வரும் பெண்ணிடம், உன்னிலே என்ன பிழையென்று யோசித்துப் பார் என்று சொல்வது ஆத்தும சோதனையன்று, அநியாயம். பொறுமை என்ற பெயரால் இப்படிச் சொல்லி அனுப்பிய பெரியவர்களை நான் கண்டிருக்கின்றேன். அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பான ஒரு கூரை. சோதனை செய்ய வேண்டியவன் வீட்டிற் கிடக்கின்றான்.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்ன ஒன்றை நாம் பெரும்பாலும் தவறாக நினைவில் வைத்திருக்கின்றோம். காணிக்கை செலுத்தப் பீடத்தண்டை வந்தவன், யார்மீதாவது தனக்குக் கோபம் இருந்தால் திரும்பிப் போகவேண்டும் என்று சொன்னதாக நினைக்கின்றோம். மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அவர் சொன்னது, சகோதரனுக்கு உன்மீது மனத்தாங்கல் உண்டென்று அங்கே நினைவுவந்தால் என்று. என் குறைகளின் பட்டியலை அவர் கேட்கவில்லை. என்மீது பிறருக்குள்ள குறைகளின் பட்டியலைக் கேட்கின்றார். அந்தத் தாள் என்னிடம் இல்லை. நான் எழுதியதே இல்லை.

ஒரு சமூகமாக நாம் எழுதாத தாளும் ஒன்றுண்டு. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதக் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள், சில இடங்களிற் சில மணித்தியாலங்களுக்குள், வீடு வாசலை விட்டு வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே தென்னோலைக் கொட்டில்களில் தங்கினார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே பெரியவர்களாகிக் கலியாணமும் முடித்தார்கள். இடம்கொடுத்த புத்தளத்து மக்களுக்கும் தண்ணீர், பள்ளிக்கூடம், தொழில் என்று எத்தனையோ நெருக்கடி வந்தது. அவர்களுக்குள்ளும் மனத்தாங்கல் வளர்ந்தது. துப்பாக்கி பிடித்தவர்கள் நாமல்லர் என்று தமிழ்க் கத்தோலிக்கரான நாம் சொல்லலாம், அது உண்மையுமாகும். பயத்தில் வாய்மூடியிருந்தோம் என்பதும் உண்மை. ஆனால் பீடத்தண்டை நிற்கும்போது, இவர்களுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்ற நினைவு நமக்கு வந்ததா? 2019க்குப் பின் நாம் பட்டதை எண்ணும்போது, 1990இல் அவர்கள் பட்டதையும் அதே தாளில் எழுதிப் பார்த்தோமா? இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லவில்லை. ஒரு கண்ணீர் இன்னொரு கண்ணீரைக் கழிக்காது. நம்முடைய வழக்கில் நாம் எப்போதும் முறைப்பாட்டுக்காரர். எதிரியின் கூண்டில் ஒருமுறையாவது ஏறிநின்று பார்த்தால் மண்டபம் வேறுவிதமாய்த் தெரியும், அவ்வளவுதான்.

நம் கரையிற் கால்பதித்த புனிதர் ஒருவர் இருக்கின்றார். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்டிருந்தபோது, கோவாவிலிருந்து வந்த யோசேவ் வாஸ் அடிகள் யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளத்துக்கு வந்து பணிசெய்து, 1692இல் கண்டிக்குப் போனார். போர்த்துக்கேய ஒற்றன் என்று ஒருவர் பொய்க்கோள் சொன்னதால் அங்கே சிறைவைக்கப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவி, மக்கள் பிணியாளரைக் கைவிட்டு ஓடியபோது, அவர் சமயம் பாராமல் அவர்களைத் தேடிப்போய்ப் பராமரித்தார். தம்மைச் சிறையிலிட்ட அதே நகரம். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். பொய்க்கோள் சொன்னவர்மீது அவர் சிறையிலிருந்தபோது என்ன நினைத்தார் என்று நமக்கு எழுதிவைக்கவில்லை. அம்மை வந்த வருஷத்தில் என்ன செய்தார் என்பதுதான் தெரியும்.

தலவில் புனித அன்னம்மாள் கோவிலுக்கு மார்ச்சிலும் ஓகஸ்டிலும் திருவிழாவுக்குப் போகின்றோம். சிங்களவர், தமிழர், கத்தோலிக்கர், பிற சமயத்தார் என்று ஒரே மணலிற் படுத்துறங்குகின்றோம். நேர்த்திக்கடன் பலவிதம். பிள்ளைவரம், நோய், பரீட்சை, வெளிநாட்டு விசா. ஒருவரோடு பேசவேண்டும் என்று நேர்ந்துகொண்டு வந்தவர்கள் எத்தனை பேரோ! நான் அப்படியொரு நேர்த்தியோடுதான் ஒருமுறை போனேன். அண்ணனும் குடும்பத்தோடு வந்திருந்தார். சமைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நான் போக, அண்ணி முதலிற் கண்டுவிட்டு எழுந்து நின்றார். அண்ணன் என்னைப் பார்த்தார்; அடுப்பைப் பார்த்தார்.

"காற்றுத் திரும்பிவிட்டது போலிருக்கு, என்ன?" என்றார்.

"ஓம் அண்ணை. சோழகம் இந்தமுறை நேரத்தோடு தொடங்கிவிட்டுது," என்றேன்.

"இரு. சாப்பிட்டுப் போகலாம்."

ஒன்பது வருஷத்துக்குப் பின் அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டேன். பிறகு வந்த காலத்தில், ஐயாவின் மருந்துச் செலவுக்கு வாங்கிய கடன் படகு விற்ற காசில் அடைக்கப்பட்டதென்று அண்ணி மூலம் அறிந்தேன். மிச்சம் இருந்ததா, எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை. கடையடிச் சிரிப்பைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு நினைவிருக்கவும் நியாயமில்லை.

அந்தத் தாள் இன்னும் என் செபப் புத்தகத்துக்குள் இருக்கின்றது. பல வரிகளை வெட்டிவிட்டேன். முதல் வரியை வெட்டவில்லை. சொல்லாமல் விற்றது ஏன் என்று அண்ணனிடம் ஒருநாள் கேட்கவேண்டும். முன்பென்றால் கேட்டிருக்க முடியாது. கேள்வியாக வாயிலிருந்து வந்திருக்காது, வேறொன்றாக வந்திருக்கும். இப்போது அவர் வள்ளக்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து, பக்கத்தில் இருந்து கேட்கலாம் என்று நினைக்கின்றேன்.